மே லீவுக்குத் தோட்டத்துல படம்: பொடுசுகளும் பெரியவங்களும் சேர்ந்து பாக்கறாப்பல எதைப் போடறது?

தடப்பள்ளி வாய்க்கா

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கம் தோட்டத்து வீடுங்க. மே மாசம் ஒரு சனி, ஞாயிறு ஒறம்பரை எல்லாம் வர்றாங்க. பெருசு பொடுசு எல்லாம் சேர்த்து நாப்பது பேரு இருக்கும். ரெண்டு ராத்திரியும் களத்துல திரை கட்டிப் படம் போடலாம்னு இருக்கறோம். இருக்கறதுலயே சின்னதுக்கு 4 வயசு, அப்பாருக்கு 75 தாண்டிருச்சு. நடுவால எட்டாவது, பத்தாவது படிக்கறதுக அஞ்சாறு இருக்குதுக. அதுகதான் சிக்கல். பொம்மைப் படம்னு தெரிஞ்சா செல்லைக் கையில எடுத்துக்கும்.

மூணு தலைமுறையும் கடைசி வரைக்கும் எந்திரிக்காம உக்காந்திருக்கறாப்பல படம் எதுங்க? வேற மொழிப் படம் போட்டா, எழுத்துத் தெரியாத குழந்தையும் கண்ணு மங்கின பெரியவங்களும் என்ன பண்ணுவாங்க? எங்ககிட்ட லேப்டாப்பு மட்டும்தான் இருக்குது. புரொஜெக்டர், ஸ்பீக்கர் எல்லாம் வாடகைக்குத்தான் எடுக்கோணும். எடுக்கறப்போ என்ன கேக்கோணும்னும் சொல்லுங்க.

பேரூர் நொய்யல்

ஒரே காட்சியில பொடுசுக ஒண்ணுக்குச் சிரிக்கோணும், பெரியவங்க இன்னொண்ணுக்குச் சிரிக்கோணும். படம் தேடறப்போ இதை மட்டும் பாருங்க. 'மாயாபஜார்' (1957) அதுக்குச் சரியான உதாரணம். பலகாரமெல்லாம் தானாப் பறந்து கடோத்கஜன் வாய்க்குள்ள போறதைக் குழந்தைக பாக்கும். கதாநாயகி வத்சலா உருவத்துல வந்திருக்கற கடோத்கஜனா சாவித்திரி ஆம்பளைத் தோரணையில நடக்கறதைப் பெரியவங்க ரசிப்பாங்க. ஆனா முழுப் படம் மூணு மணி நேரம், 4 வயசு தாங்காது. கடோத்கஜன் வேலையைக் காட்டற பின்பாதியை மட்டும் போடுங்க. முன்கதையை அப்பாரே எந்திரிச்சு நின்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிருவாரு. சொல்லச் சொன்னா சந்தோஷமும் படுவாரு.

நடுவால இருக்கற வயசுக்கு 'காக்கா முட்டை' (2015). சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது வாங்குன படம், ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுரும். பொடுசுகளுக்கு அது பீட்சா திங்க ஆசைப்படற ரெண்டு பசங்க கதை. பெரியவங்களுக்கு நிலம், விளம்பரம், ஊடகம், ஏழைங்க பேரைச் சொல்லிக் காசு பாக்கறவன்னு முழுசா வேற படம் ஓடும். எட்டாவது பத்தாவதுக ரெண்டு பக்கமும் புரிஞ்சு சிரிக்கும். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க: படத்துல பாட்டி செத்துப்போயிருவாங்க. போன வருஷம் வீட்டுல அப்படி ஏதாவது நடந்திருந்தா இந்தப் படத்தை அடுத்த லீவுக்கு ஒதுக்கிருங்க.

'பசங்க' (2009) இன்னொரு நல்ல தேர்வு. பள்ளிக்கூடச் சண்டை பொடுசுகளுக்கு, பக்கத்து வீட்டுப் பெரியவங்க சண்டை பெரியவங்களுக்கு. ரெண்டரை மணி நேரத்துக்குப் பக்கமா வரும். அன்னைக்கு வேற எதையும் சேர்க்காதீங்க.

தப்பாப் போறது எங்கேன்னா, போஸ்டர்ல குழந்தை இருந்தாக் குழந்தைப் படம்னு நினைக்கறதுதான். 'அஞ்சலி'யில (1990) பாட்டெல்லாம் குழந்தைகளுக்குத் திருவிழா மாதிரி, ஆனா முடிவுல அந்தக் குழந்தை செத்துப்போகுது. ஆறு வயசுக்குக் கீழ இருக்கறதுக அழுதுட்டுத்தான் தூங்கப் போகும். 'பூவரசம் பீப்பீ' (2014) மூணு பசங்களோட லீவுக் கதையாத் தொடங்குது, ஆனா அவங்க கண்ணுல படறது ஒரு பாலியல் வன்கொடுமை. நல்ல படம்தான், இந்தக் கூட்டத்துக்கு ஆகாது.

'யு' சான்றிதழை நம்பி மட்டும் போடாதீங்க. 1983க்கு முன்னாடி 'யு', 'ஏ' ரெண்டே ரெண்டுதான், நடுவுல ஒண்ணும் கிடையாது. அந்தக் காலத்து 'யு' படத்துல கத்திக்குத்தும் பொண்ணைத் துரத்தற காட்சியும் தாராளமா இருக்கும். புதுப் படம்னா வேலை சுலபம். 2024ல வந்த விதிப்படி 'யு/ஏ'ங்கறதை 7+, 13+, 16+னு பிரிச்சுப் போடறாங்க. உங்களுக்கு 'யு' அல்லது 7+ போதும்.

எதைப் போட்டாலும் ஒருத்தர் முழுசா முன்னாடியே பாத்துருங்க. முக்கியமாக் கடைசி 20 நிமிஷம். நம்ம படங்கள்ல சாவு, ரத்தம், கடத்தல் எல்லாம் அங்கதான் குவிஞ்சு கிடக்கும். தாண்டோணும்னு தோணற இடத்தை மணி, நிமிஷத்தோட ஒரு காயிதத்துல எழுதி லேப்டாப்பு பக்கத்துல வெச்சுருங்க. படம் ஓடறப்போ தேடுனா எல்லாருக்கும் அதே காட்சிதான் மூணு தடவை தெரியும்.

மொழிச் சிக்கலுக்கு வழி பேச்சே இல்லாத படம். 'தி ரெட் பலூன்' (1956) 34 நிமிஷந்தான், பாரிஸ் தெருவுல ஒரு பையன் பின்னாடியே பலூன் சுத்தும். பேச்சு ஏறக்குறைய இல்லை. கடைசியில பலூனை மத்த பசங்க ஒடைப்பாங்க, 4 வயசு முகம் சுருங்கும். உடனே அடுத்த காட்சி அதைச் சரிபண்ணிரும், அதனால நிறுத்தாம ஓட விடுங்க. சாப்ளினோட 'தி சர்க்கஸ்' (1928) ஒண்ணேகால் மணி நேரத்துக்குள்ள. சிங்கக் கூண்டுக்குள்ள மாட்டிக்கறதும், கயித்து மேல நடக்கறப்போ குரங்குக மேல வந்து ஏறறதும் எந்த ஊர்க் குழந்தைக்கும் புரியும். 'ஷான் தி ஷீப்' (2015) 85 நிமிஷம், அதுலயும் மனுசப் பேச்சு வெறும் முணுமுணுப்புதான். பட்டியில செம்மறி பாத்து வளந்த பசங்களுக்கு ஆடு வேலியைத் தாண்டறது ரெட்டிப்பு சிரிப்பா இருக்கும்.

மே மாசம் நம்ம பக்கம் பொழுது சாய ஆறே முக்கால் ஆகும், திரையில கருப்பு கருப்பாத் தெரிய ஏழே கால். சனிக்கிழமை ஏழே காலுக்கு 'ரெட் பலூன்', ஏழே முக்கால்லிருந்து சாப்பாடு, எட்டேகாலுக்கு 'காக்கா முட்டை'. சின்னது முதல் படம் பாத்துட்டு, சோறு தின்னுட்டு, ரெண்டாவதுல தூங்கிரும். அதுக்காகத்தான் அந்த வரிசை. ஞாயித்துக்கிழமை அதே நேரத்துக்கு 'மாயாபஜார்' பின்பாதி.

சேலம் அஸ்தம்பட்டி

மேல சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன். பாதிப் படம் போட்டா பத்தாவது படிக்கறவன் எந்திரிச்சுப் போயிருவான். முழுசா ஓடற பழைய படம் வேணும்னா 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) பாருங்க. எங்க ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது, தமிழ்ல முதல் முழு நீள வண்ணப் படம். கருப்பு வெள்ளைன்னா மூஞ்சி சுளிக்கற பசங்களுக்குக்கூட மறுப்பு சொல்ல இடமில்லை. குகைக் கதவு திறக்கறது ஒண்ணு போதும் பொடுசுகளுக்கு. எம்.ஜி.ஆர்., பானுமதின்னு சொன்னாப் பெரியவங்க நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்குவாங்க. அண்ணன்காரன் குகையில மாட்டிக் கொல்லப்படற கட்டத்தை மட்டும் முன்னாடியே பாத்து முடிவு பண்ணிக்கோங்க.

'காதலிக்க நேரமில்லை' (1964) இன்னொண்ணு. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்ற காட்சியில வசனம் புரியாத குழந்தைகூட அந்தச் சத்தத்துக்கே சிரிக்கும். உங்க பக்கத்து ஆழியாறுல எடுத்த படம். அணையைப் பாத்ததும் "இது அதுதானே"ன்னு பெருசுக ஆரம்பிச்சுருவாங்க.

சப்டைட்டில் பத்தி. மஜீத் மஜீதியோட 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) 89 நிமிஷம், பாரசீக மொழி. தங்கச்சி செருப்பைத் தொலைச்ச அண்ணன், ஒரே ஜோடியை ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுட்டுப் பள்ளிக்கூடம் ஓடறாங்க. அவ்வளவுதான் கதை. இந்த மாதிரிப் படத்துக்கு ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு உக்காந்து காட்சிக்கு ஒரு வாக்கியம் சொன்னாப் போதும். வரிக்கு வரி மொழிபெயர்த்தா நாசம், படத்தோட சத்தம் ஒண்ணும் கேக்காது. காட்சி தொடங்கறப்போ மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கோணும். அந்த ஆளு படத்தை ரெண்டு தடவை பாத்திருக்கோணும். மைக்கே வேண்டாம்னா இதே கதையைத் தமிழ்ல 'அக்கா குருவி'ன்னு 2022ல எடுத்திருக்காங்க.

டப்பிங்ல போறதா இருந்தா 2019ல வந்த 'தி லயன் கிங்' தமிழ் நல்லா இருக்குது. வில்லன் சிங்கத்துக்கு அரவிந்த்சாமி குரல், கூட்டாளிகளுக்கு ரோபோ சங்கரும் சிங்கம்புலியும். பெரியவங்களுக்கு அந்தக் குரல்களே பாதிச் சுவை. அப்பா சிங்கம் சாகறது படத்தோட முதல் பாதியிலயே வரும். அந்த நேரத்துக்குச் சின்னதை யாராவது மடியில வெச்சுக்கோங்க. அதைத் தாண்டுனா பன்னியும் கீரியும் வந்து தூக்கி நிறுத்திருவாங்க.

பல்லடம் சவுண்டு

படத்தை அவங்க சொல்லிட்டாங்க, சாமானை நான் சொல்றனுங்க.

நாப்பது பேருக்கு 12 அடி அகலம், 6¾ அடி உயரம் திரை போதும். புரொஜெக்டர் கேக்கறப்போ "எத்தனை ஏஎன்எஸ்ஐ லூமென்"னு கேளுங்க, அது முறைப்படி அளந்த வெளிச்சக் கணக்கு, 3000க்குக் குறையாம இருக்கோணும். சின்ன எல்இடி டப்பா மேல 9000 லூமென்னு ஒட்டியிருப்பாங்க, அது விளம்பரக் கணக்கு. ஏஎன்எஸ்ஐல அளந்தா சில நூறுதான் வரும், 12 அடித் திரையில புகை படிஞ்சாப்பல தெரியும். அடுத்தது 'த்ரோ ரேஷியோ', திரை அகலத்தைப் போல எத்தனை மடங்கு தள்ளி வெக்கோணும்ங்கற கணக்கு. அது 1.5னா 12 அடித் திரைக்கு 18 அடி தள்ளி வெக்கோணும். இதைக் கேக்காம எடுத்துட்டு வந்தா, களத்துல இடம் பத்தாம மேசை இட்டேரிக்குப் போயிரும்.

மேசை உயரம் மூணரை, நாலு அடி. திரையோட கீழ் விளிம்பும் தரையிலிருந்து நாலு அடி. முக்காவாசி புரொஜெக்டர்ல படம் லென்ஸ் மட்டத்துக்கு மேலதான் விழும். அப்படி வெச்சா மூஞ்சியைத் தூக்கி வெக்க வேண்டியதில்லை. தூக்கி வெச்சாப் படம் மேல அகலமும் கீழ ஒடுக்கமுமா வரும். அதைக் 'கீஸ்டோன்' போட்டுச் சரிபண்ணலாம், ஆனா வெளிச்சமும் தெளிவும் கொறையும். முன்னாடி 12 அடி விட்டு ஜமக்காளத்தை விரிச்சுப் பொடுசுகளை உக்கார வையுங்க, பெரியவங்க நாற்காலி மேசைக்குப் பின்னால. மேசையைச் சுத்திக் கயிறு கட்டிருங்க. சின்னதுக லென்ஸுக்குள்ள எட்டிப் பாக்கும், கண்ணுக்குக் கெடுதல்.

திரைக்கு ஃப்ளெக்ஸ் பேனரைத் திருப்பிக் கட்டாதீங்க. பளபளப்பு இருக்கறதால நடுவுல ஒரு வெளிச்சப் பொட்டு நிக்கும். ஈரோட்டுல பெட்ஷீட்டுக்கு ஓட்டற அகலத் துணி கிடைக்கும். 90 இன்ச்சு அகலத்துக்கு மேல வாங்குனா உயரத்துக்குத் தையலே வராது, நீளம் 13 அடி எடுங்க. சலவை பண்ணுன வெள்ளையாக் கேளுங்க. சலவை பண்ணாத காடாத் துணி மஞ்சளடிக்கும், மூஞ்சியெல்லாம் காமாலை வந்தாப்பல இருக்கும். துணிக்குப் பின்னாடி கருப்புத் துணி ஒண்ணு சேர்த்துக் கட்டுங்க, இல்லாட்டி வெளிச்சம் பாதி அக்கட்டால போயிரும்.

மே மாசக் காத்தைக் கவனிங்க. மழைக்கு முன்னாடி ஒரு வீச்சு வரும் பாருங்க, கிட்டத்தட்ட நூறு சதுர அடித் துணி அதுல மூங்கிலையே முறிச்சுரும். மேல் ஓரத்தை மட்டும் இறுக்கிக் கட்டிட்டு, கீழ் ஓரத்தை இழுத்தா அவுர்ற சுருக்குல கட்டுங்க. காத்து வந்தா ஒருத்தர் இழுத்துவிட்டாத் துணி பறக்கும், கம்பம் நிக்கும்.

சத்தத்துக்குக் கோயில்ல கட்டற குழாய் ஸ்பீக்கர் ஆகவே ஆகாது, வசனம் தகரத்துல அடிச்சாப்பல வரும். 12 இன்ச்சு பாக்ஸ் ரெண்டு, ஸ்டாண்டுல ஆறடி உயரத்துல, திரைக்கு ரெண்டு பக்கமும். பேஸைக் கொறைச்சு வையுங்க, பெரியவங்களுக்கு வசனம் அப்பத்தான் பிடிபடும். காது மந்தமா இருக்கறவங்களுக்கு ஒரு பாக்ஸ் பக்கமா இடம் போடுங்க.

பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்குது, வசனம் மட்டும் கேக்கலைன்னா படம் 5.1 சத்தத்துல, அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிச்ச சத்தத்துல இருக்குதுன்னு அர்த்தம். அதுல வசனம் நடு சேனல்ல வரும், உங்ககிட்ட நடு ஸ்பீக்கரே கிடையாது. லேப்டாப்புல படம் ஓட்டற விஎல்சி மென்பொருள்ல ஆடியோ மெனுவுல ஸ்டீரியோவுக்கு மாத்துங்க. ப்ளூடூத்துல ஸ்பீக்கரைச் சேர்க்காதீங்க, உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் போகும். கம்பிதான் போடோணும். அப்படியும் தள்ளிப் போச்சுன்னா விஎல்சியில ஜே, கே பட்டனை ஒரு தடவை அமுக்குனா 50 மில்லி செகண்டு நகரும்.

லேப்டாப்பைப் புரொஜெக்டரோட சேர்க்கற எச்டிஎம்ஐ ஒயரை 15 மீட்டருக்கு மேல இழுத்தாப் படம் விட்டு விட்டு வரும். லேப்டாப்பை மேசையிலயே வெச்சுட்டு, ஸ்பீக்கர் ஒயரை மட்டும் நீளமா விடுங்க. சார்ஜர் சொருகுனதும் ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு இரைச்சல் வந்தா எர்த் சிக்கல், சவுண்டுக்காரரைக் கேட்டு நடுவுல இரைச்சலை வெட்டற டிஐ பாக்ஸ் ஒண்ணு போடச் சொல்லுங்க.

கரண்டுதான் தோட்டத்துல பெரிய வில்லன். அக்கம்பக்கம் மோட்டார் போட்டா வோல்டேஜ் எறங்கும், புரொஜெக்டர் அணைஞ்சுரும். பல்பு வெச்ச புரொஜெக்டர் சூட்டோட டக்குனு நின்னாப் பல்புக்குக் கேடு, மறுபடி எரியவும் நேரம் எடுக்கும். ஒரு 1 கேவிஏ யுபிஎஸ்ல புரொஜெக்டரையும் லேப்டாப்பையும் மட்டும் சொருகுங்க. எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கிலோவாட்டைத் தாண்டாது, 2 கேவிஏ ஜெனரேட்டர் போதும். அதைக் கட்டுத்தறிப் பக்கம் வெக்காதீங்க, மாடு மிரளும்.

ஈசல் வந்தா களத்துக்கு அந்தக் கோடியில ஒரு பளிச்சுனு வெள்ளை பல்பைப் போட்டு விடுங்க, அங்க போயிரும்.

தடப்பள்ளி வாய்க்கா

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். சனிக்கிழமைக்கு 'ரெட் பலூன்', 'காக்கா முட்டை'. ஞாயித்துக்கிழமைக்கு 'அலிபாபா'வான்னு வீட்டுல பேச்சு நடக்குது. இப்ப இன்னொரு சங்கதி. ஊருல கேள்விப்பட்டு, கோயில் திடல்லயே போடுங்க, ஊரே பாக்கட்டும்னு சொல்றாங்க. 150 பேரு வரலாம். இதே ஓடிடி கணக்குல போட்டுக்கலாமுங்களா?

உடுமலை வாத்தியார்

போடக்கூடாதுங்க. ஓடிடி சந்தா உங்க வீட்டுக்குள்ள பாக்கறதுக்குத் தர்றது. காசு வாங்காம ஊருக்குக் காட்டுனாலும் அது பொதுத் திரையிடல்தான், படத்தோட உரிமைக்காரர்கிட்ட எழுத்துல அனுமதி வேணும். இது போக, பொது இடத்துல படம் காட்டறதுக்கு 1955ஆம் வருஷத்துத் தமிழ்நாடு திரையரங்குகள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்குது, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துல கேக்கோணும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்துல தனியா எழுதிக் குடுக்கோணும், ராத்திரி 10 மணிக்கு மேல நிறுத்திரோணும்.

ஊருக்குக் காட்டியே ஆகோணும்னா ஒரு நேர்வழி இருக்குது. பதிப்புரிமைச் சட்டத்தோட 52ஆம் பிரிவு, பள்ளிக்கூடம் தன்னோட நடவடிக்கையாப் படம் காட்டறதை விட்டுவைக்குது. பாக்கறவங்க மாணவங்க, ஆசிரியருங்க, பெத்தவங்க, பள்ளியோட தொடர்புள்ளவங்களா மட்டும் இருக்கோணும். அரசுப் பள்ளிகள்ல 6ஆவதுலிருந்து 9ஆவது வரைக்கும் சிறார் படம் போடற திட்டம் 2022லிருந்து இருக்கறதால தலைமை ஆசிரியருக்கு இது புதுசு இல்லை. மே மாசம் பள்ளி லீவு, அதனால ஜூன்ல திறந்த பொறவு பெத்தவங்க கூட்டத்தோட சேர்த்து வையுங்க.

பழைய படம்னா வேற கணக்கு. நம்ம நாட்டுல படத்தோட உரிமை வெளிவந்த வருஷத்துக்கு அடுத்து 60 வருஷம். 1964 வரைக்கும் வந்த படங்களுக்கு 2024 கடைசியோட அது முடிஞ்சுது. 'மாயாபஜார்', 'அலிபாபா' ரெண்டும் அதுல அடங்கும். அதுக்காக எல்லாமே இலவசம்னு எடுத்துக்காதீங்க. பாட்டு எழுதினவர், இசையமைச்சவர் உரிமை அவங்க காலத்துக்குப் பொறவும் 60 வருஷம் ஓடும், புதுசாச் சீர்பண்ணி விடற பிரதிக்கும் தனி உரிமை கேப்பாங்க. ஆட்சியர், காவல் நிலைய அனுமதி எந்தப் படமானாலும் வேணும்.

ஒறம்பரை நாப்பது பேரைக் களத்துலயே வெச்சுக்கறதுதான் இந்த மேக்குச் சுலபம். டிவிடி இருந்தா அதையே போடுங்க. ஓடிடில போட்டா இன்னொரு தொந்தரவும் இருக்குது, சில ஆப்புக மலிவான மாத்துக் கம்பி (அடாப்டர்) வழியாப் போனாத் திரையைக் கருப்பாக்கிரும், சத்தம் மட்டும் வரும்.

பல்லடம் சவுண்டு

வாத்தியார் சொன்ன கருப்புத் திரை நெசமுங்க. படத்தைக் காப்பி அடிக்காம இருக்க ஆப்பு போடற பதிப்புரிமைப் பூட்டை அந்தக் கம்பி புரிஞ்சுக்காது. செல்லுல இருந்து ஒயர் இல்லாம அனுப்புனாலும் அப்படித்தான் ஆகும். லேப்டாப்பு, புரொஜெக்டர் ரெண்டுக்கும் நடுவால நேரா எச்டிஎம்ஐ, வேற எதுவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரியே வாடகைச் சாமானை வரச்சொல்லி, அதே படத்தை அதே ஆப்புல பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்க. தோட்டத்துல நெட்டு இழுக்கும், அதனால லேப்டாப்புல எறக்க அந்த ஆப்பு விட்டாப் படத்தை முன்னாடியே எறக்கி வெச்சுக்கோங்க. லேப்டாப்புல தூக்கத்தையும் அப்டேட்டையும் நிறுத்தி வையுங்க.

பள்ளிக்கூடத்துல 150 பேருக்குப் போடறப்போ 16 அடித் திரை, 5000 லூமென், நாலு பாக்ஸு. பின்வரிசை 60 அடியைத் தாண்டுனா ரெண்டு பாக்ஸைப் பாதித் தூரத்துல வெக்கோணும், அதுக்குச் சத்தத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தி விடற மிக்ஸர் கேளுங்க. 30 அடிக்கு 27 மில்லி செகண்டு கணக்கு.